டிவியை எந்த உயரத்தில் மாட்டுவது?

தமிழ் இலக்கியச் சூழலில் டிவி என்ற சொல்லுக்கே ஒரு முகச்சுளிப்பு உண்டு. சீரியல் பெண்களைக் கெடுத்தது, விவாத மேடை அரசியலைக் கெடுத்தது, ரியாலிட்டி ஷோ பிள்ளைகளைக் கெடுத்தது, எல்லாம் சேர்ந்து வாசிப்பைக் கெடுத்தது. சிறுபத்திரிகைக் காலத்திலிருந்து இன்றைய முகநூல் பதிவு வரை இந்தக் குற்றப்பத்திரிகையில் பெரிய மாற்றம் இல்லை. இதில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? அத்தனை குற்றச்சாட்டும் திரையில் என்ன ஓடுகிறது என்பதைப் பற்றியவை. அந்தத் திரை வீட்டுக்குள் எங்கே இருக்கிறது, எந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில், யார் எங்கே உட்கார்ந்து அதைப் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு நம் விமர்சனம் பெரிதாக நேரம் ஒதுக்கியதில்லை.

இது டிவி மாட்ட வர்ற ஆள் கேட்க வேண்டிய கேள்வியாச்சே, விமர்சகனுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். ஜப்பானிய எழுத்தாளர் தனிசாகி 1933-ல் நிழல்களைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வீடு கட்டுகிறவன் மின்சார வயரை எங்கே ஒளிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து கழிவறை, விளக்கு, கிண்ணம் என்று போய் ஒரு பண்பாட்டின் அழகியலையே பேசி முடித்துவிடுகிறார். வயரைப் பற்றிப் பேசலாம் என்றால் ஸ்டாண்டைப் பற்றியும் பேசலாம்.

எங்கள் பென்னாகரம் பக்கத்தில் பெங்களூருக்கு வேலைக்குப் போன ஆள் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். என் சித்தப்பா மகனும் அப்படிப் போனவன். முதலில் கட்டட வேலை, பிறகு எலெக்ட்ரீஷியன் ஒருவருக்குக் கையாள், இப்போது டிவி, ஏசி, கீசர் மாட்டுவது. பண்டிகைக்கு ஊருக்கு வந்தால் இங்கேயும் நாலு வீட்டில் கூப்பிடுவார்கள். ஒருமுறை அவன் சொன்னான்: "அங்க பிளாட்டுல மாட்டப் போனா, சோபாவுல உக்காந்து பாத்து, கண்ணுக்கு நேரா வைங்கன்னு டேப்போட நிக்கிறாங்கண்ணா. நம்மூர்ல அதே மாதிரி மாட்டுனா, என்னடா இது தரையில கெடக்குது, மேல தூக்குங்கறாங்க. ஒரு வீட்ல மாட்டுனதக் கழட்டி ஒன்றரை அடி மேல மாட்டிட்டு வந்தேன். சுவத்துல நாலு ஓட்டை வேஸ்ட்டு."

அந்த ஒன்றரை அடிதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

1

சுவரில் டிவி மாட்டுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று இருக்கிறது. திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 42 அங்குலத்தில், அதாவது மூன்றரை அடியில் இருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவரின் கண் அந்த உயரத்தில் இருக்கும் என்பது இதற்கான காரணம். கணக்கு சரி. ஆனால் அதற்குள் ஒரு சோபா ஒளிந்திருக்கிறது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்கிறவரின் கண் ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். பாய் போட்டுச் சாய்ந்து படுத்தால் இன்னும் கீழே.

அப்படியானால் தரையில் உட்கார்கிற வீடுகளில் டிவி இன்னும் கீழே அல்லவா இருக்க வேண்டும்? நடப்பது நேர் எதிர். எங்கள் பக்கத்து வீடுகளில் திரையின் நடுப்பகுதி ஐந்தடி, ஐந்தரை அடியில் இருக்கும். சில வீடுகளில் பரணுக்குக் கீழே, ஃபேன் இறக்கையைத் தொடுகிற மாதிரி. எட்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்து ஐந்தரை அடியில் இருக்கும் திரையைப் பார்க்க, கண் சுமார் 20 டிகிரி மேலே போக வேண்டும். ஒரு படம் முடிவதற்குள் பிடரி இழுத்துக்கொள்ளும். மலிவான பேனல்கள் சிலவற்றில் கீழிருந்து பார்த்தால் நிறமே வெளுத்துப் போகும். காசு கொடுத்து வாங்கியவர்களே அதைச் சரியாகப் பார்க்க முடியாத இடத்தில் மாட்டுகிறார்கள்.

ஏன்? கேட்டால் உடனே வரும் பதில்கள் எல்லாம் நியாயமானவை. குழந்தை கை வைக்கும். ராகி மூட்டை அடுக்க இடம் வேண்டும். கீழே பீரோ இருக்கிறது. வீடு கழுவினால் தண்ணீர் தெறிக்கும். பத்துக்குப் பத்து ஹாலில் கீழ்ப்பாதிச் சுவர் புழங்குகிற சுவர். அதில் சாய்வார்கள், தலையணை அடுக்குவார்கள், பிள்ளைகள் கிறுக்குவார்கள். 43 அங்குல டிவியின் அகலம் மூன்றடிக்குக் கொஞ்சம் கூடுதல். அத்தனை அகலத்துக்குக் கீழ்ச்சுவரை விட்டுக்கொடுக்கிற வசதி சின்ன வீட்டுக்குக் கிடையாது.

ஆனால் இடவசதி உள்ள வீட்டிலும் உயரம் குறைவதில்லை. அப்போது வேறொரு பதில் வரும்: "மேல இருந்தாத்தான் பாக்க லட்சணமா இருக்கும்." இந்த லட்சணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, டிவிக்கு முன்னால் அந்தச் சுவரில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

2

நம் வீட்டுச் சுவரில் உயரம் என்பது மரியாதை. சாமி படம், இறந்த தாத்தாவின் போட்டோ, அதற்கு மேல் ஒரு சிவப்பு பல்பு, கல்யாண போட்டோ, கட்சித் தலைவர் படம் போட்ட காலண்டர். இவையெல்லாம் நின்றாலும் அண்ணாந்து பார்க்கிற உயரத்தில்தான் இருக்கும். கண்ணாடியும் கடிகாரமும் மட்டும் உபயோகத்துக்கான உயரத்தில் இருக்கும். டிவியை மாட்டும்போது நாம் அதைக் கண்ணாடியின் வரிசையில் சேர்க்கவில்லை, தாத்தாவின் வரிசையில் சேர்த்தோம். பல வீடுகளில் டிவி வந்தபோது தாத்தா பக்கத்துச் சுவருக்கு மாறிப் போனார்.

இதில் ஒரு நுட்பம் தவறிப் போய்விட்டது. பழைய வீடுகளில் மாட்டிய படங்களைப் பாருங்கள். அவை சுவரோடு ஒட்டி நிற்காது. கீழ் விளிம்பு சுவரில் பதிய, மேல் விளிம்பு முன்னால் சாய்ந்து நிற்கும். ஆணியிலிருந்து வரும் கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விட்டு வேண்டுமென்றே அப்படிச் செய்திருப்பார்கள். கீழே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துத் தாத்தா குனிகிறார். உயரத்தில் இருக்கும் உருவம் கீழே இருப்பவரின் கண்ணுக்கு இறங்கி வர வேண்டும் என்பது அந்த ஆணியை அடித்தவருக்குத் தெரிந்திருக்கிறது. டிவியோடு பெரும்பாலும் இலவசமாக வரும் ஸ்டாண்டு, திரையைச் சுவரோடு தட்டையாக ஒட்டிவிடும். சாய்கிற ஸ்டாண்டுக்குத் தனியாகக் காசு. அதனால் நம் டிவி யாரையும் பார்த்துக் குனிவதில்லை. நேர் எதிரே ஐந்தரை அடியில் இல்லாத ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் லின் ஸ்பிகல் 1992-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க வீடுகளுக்குள் டிவி நுழைந்தபோது, பெண்கள் பத்திரிகைகள் அதை எங்கே வைக்கச் சொல்லின என்பதுதான் அதன் மையமான விஷயங்களில் ஒன்று. கணப்படுப்பும் பியானோவும் இருந்த இடத்துக்கு டிவி எப்படி வந்தது, அதனால் குடும்பம் எப்படி உட்கார்ந்தது என்று பொறுமையாகப் படிக்கிறார். நமக்குக் கணப்படுப்பு கிடையாது. நம் கதை திண்ணை, ஷோகேஸ், டிரங்குப் பெட்டி, சுவர் என்ற வரிசையில் போகிறது.

3

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு இந்தியாவுக்கு 1982-ல் வந்தது. அந்தக் காலத்து டிவி ஒரு மரச்சாமான். கதவு வைத்த டயனோரா, சாலிடேர் பெட்டிகளைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பார்த்து முடித்ததும் கதவை இழுத்துச் சாத்தி, மேலே பூ வேலை செய்த துணி போர்த்தி, அதன் மேல் பொம்மை வைப்பார்கள். டிவி உள்ள வீடு ஊருக்கு ஒன்றிரண்டு. மற்றவர்கள் வாசலிலும் ஜன்னலிலும் நின்றார்கள். எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள் என்று நினைவேக்கமாக எழுதுகிறவர்கள் யார் யார் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள் என்பதை எழுதுவதில்லை. பஞ்சாயத்து டிவி இருந்த ஊர்களிலும் அது ஊர்ப்பக்கம்தான் இருந்தது. காலனியிலிருந்து வந்தவர் எந்த இடம் வரை வரலாம் என்பது அறிவிப்புப் பலகை இல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் இலவச டிவியைப் பார்க்க வேண்டும். 2006 தேர்தல் அறிக்கையில் திமுக வாக்களித்த திட்டம், அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. 2011-ல் ஆட்சி மாறியபோது நின்றது. அதற்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகள் தமிழகத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்களிப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலை 5-ல் தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகள் வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு நீதிமன்றம் சொன்னதும் அதே தீர்ப்பில்தான்.

இந்தத் திட்டத்தைப் பற்றிய விவாதம் அன்றும் இன்றும் இரண்டே கட்சி. ஓட்டுக்கு லஞ்சம் என்பது ஒன்று, சமூகநீதி என்பது மற்றொன்று. கேபிள் வியாபாரம் யாருக்கு லாபம் என்ற கேள்வியும் உண்டு. அது சரியான கேள்வி, தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பெட்டியின் உருவத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பிக்சர் டியூப் வைத்த, பின்னால் புடைத்த, சுமார் பத்துக் கிலோ எடையுள்ள பெட்டி அது. அதற்குச் சுவர் தேவையில்லை. மண் தரையில் ஒரு பலகை போட்டு வைக்கலாம். டிரங்குப் பெட்டி மேல் வைக்கலாம், கவிழ்த்த அண்டா மேல் வைக்கலாம். கரண்ட் கனெக்ஷன் இருந்தால் போதும், ஓலைக் குடிசையிலும் ஓடும். ஒரு ஆள் தூக்கி வாசல் பக்கம் திருப்பி வைத்தால் களத்தில் உட்கார்ந்து பத்துப் பேர் பார்க்கலாம். 2010 மார்ச்சில் பென்னாகரம் இடைத்தேர்தல் வந்தபோது எங்கள் பஸ் ஸ்டாண்டையும் எங்கள் கடைவீதியையும் நாங்கள் அந்தச் சின்னப் பெட்டியில்தான் பார்த்தோம். எங்கள் வீட்டில் அது தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. பாட்டிக்கு அண்ணாந்து பார்க்கிற வேலை இருக்கவில்லை.

மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015) இந்தப் பெட்டியைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட படம். அரிசிக்கே திண்டாடும் ஒற்றை அறைக்குள் அரசு டிவி வருகிறது, அதில் பீட்சா விளம்பரம் வருகிறது, இரண்டு சிறுவர்களுக்குப் பீட்சா மேல் ஆசை வருகிறது. நல்ல படம். அதில் எனக்குள்ள ஒரே குறை, அதன் டிவி ஆசையை உள்ளே கொண்டுவரும் ஓட்டையாக மட்டும் இருக்கிறது. அதே பெட்டி இன்னொரு வீட்டு ஜன்னலில் போய் நிற்க வேண்டிய அவசியத்தையும் நீக்கியது. இந்த இரண்டாவது விஷயம் கதைக்கு வசதியாக இல்லாததால் நம் கலைகளில் அதிகம் வருவதில்லை. 'பசி இருக்கும் வீட்டில் டிவி' என்ற முரணைக் காட்டினால் வாசகர் உடனே தலையாட்டுவார். எத்தனையோ சிறுகதைகளில் இதைப் படித்தாயிற்று. சொந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குத் தலையாட்ட வேண்டுமானால் முதலில் ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்க வேண்டும்.

4

பிக்சர் டியூப் போய் எல்.இ.டி. வந்தபோது டிவியின் எடை குறைந்தது. 32 அங்குலத் திரை இன்று நான்கைந்து கிலோதான். ஆனால் ஒரு புதிய நிபந்தனை சேர்ந்தது: சுவர். ஸ்டாண்டில் வைக்கலாம்தான். ஆனால் இரண்டு சின்னக் காலில் நிற்கும் தட்டைத் திரை, ஓடியாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு நாள் கவிழும். எனவே எல்லோரும் மாட்டத்தான் பார்க்கிறார்கள்.

மாட்டுவது சுவரைச் சோதிக்கிற வேலை. செங்கல் சுவராக இருந்தால் கவலையில்லை. பூச்சைத் தாண்டி, கல்லுக்குள் இரண்டு அங்குலம் துளை போட்டு, பிளக் இறக்கி, ஸ்குரூ முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். கல்லும் கல்லும் சேரும் இணைப்பில் துளை விழுந்தால் பிடிக்காது, தள்ளிப் போட வேண்டும். ஹாலோ பிளாக் சுவரில் துளை உள்ளே இருக்கும் வெற்றிடத்துக்குள் போய் விழும். சாதாரண பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும். மண் சுவரில் டிரில் வைத்தால் கொட்டும். அங்கே மேலிருந்து கீழாக ஒரு மரப்பட்டையைப் பல இடங்களில் பிடித்து, எடையை அதன் மேல் பரப்ப வேண்டும். வெளியே இழுத்துத் திருப்புகிற கை வைத்த ஸ்டாண்டு இன்னும் கறாரானது. திரையை ஓரடி வெளியே இழுத்தால் மேல் போல்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்குகிற விசை பல மடங்கு கூடும். அதற்கு நல்ல சுவர் வேண்டும்.

நல்ல சுவர் யாருக்கு இருக்கிறது? குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம் 2010-ல் வந்தது. 2011-க்குப் பிறகு 300 சதுர அடியில் பசுமை வீடுகள் வந்தன. 2024-ல் 360 சதுர அடியில் கலைஞர் கனவு இல்லம் வந்தது. கட்சி மாறினாலும் பெயர் மாறினாலும் வீட்டின் அளவு ஏறக்குறைய அங்கேயேதான் நிற்கிறது. அந்த 300 சதுர அடிக்குள் ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஸ்விட்ச் போர்டு, அலமாரிக்குப் போக மிச்சமிருக்கும் ஒரு சுவரில் டிவி ஏறுகிறது. தரையில் வைக்கிற டிவியை அரசு கொடுத்தது. சுவரில் மாட்டுகிற டிவியை அந்தக் குடும்பம் பெங்களூரில் உழைத்துத் தவணையில் வாங்குகிறது. இந்த வித்தியாசத்தை எங்கள் ஊரில் எல்லோரும் அறிவார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கதை. "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது" என்பது அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லப்படும் முதல் நிபந்தனை. நான் குடியிருந்த ஒரு வீட்டில் காலண்டர் ஆணிக்கே காலி செய்யும்போது ஐநூறு ரூபாய் பிடித்தார்கள். டிவிக்கான நாலு துளையை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். இதைப் படிக்கிற உங்களில் பலர் டிவியே இல்லாமல் லேப்டாப்பில் பார்க்கிறவர்களாக இருக்கலாம். அது ரசனையின் தேர்வு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அதில் வீட்டு ஓனரின் பங்கு எவ்வளவு என்று ஒருமுறை யோசிக்கலாம்.

சுவரில் ஏறிய டிவி வெளியே இருப்பவருக்கும் தெரிகிறது. கதவு திறந்திருந்தால் தெருவில் போகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். பார்க்கிற கண் எல்லாம் நல்ல கண் இல்லை. 2012 நவம்பர் 7 அன்று எங்கள் தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து தாக்கப்பட்டன. 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. வெளியூர்களில் உழைத்துச் சேர்த்த சாமான்கள் வீட்டோடு எரிந்தன. கோபம் ஒரு கல்யாணத்தின் மேல் என்றால் பீரோவும் பாத்திரமும் டிவியும் என்ன செய்தன? 'இவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்' என்ற பழைய வாக்கியம்தான் அந்தக் கேள்விக்குப் பதில்.

தீ வைத்தவரையும் இலவசங்களைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நான் வைக்கவும் இல்லை. ஆனால் ஏழை வீட்டு டிவியைப் பார்த்ததும் இலக்கியவாதியின் முகம் சுளிக்கும்போது, அந்த வாக்கியத்தின் நாகரிகமான வடிவம் ஒன்று உள்ளே ஓடுகிறதா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பேன். தருமபுரியில் இருந்துகொண்டு டிவியை வெறும் ரசனைப் பிரச்சினையாகப் பேச என்னால் முடியவில்லை.

5

சுவரில் ஏறியதெல்லாம் நல்லதற்கே என்று நான் சொல்லவும் இல்லை. டிவி சுவருக்குப் போனதில் வீட்டுக்குள் ஒருவர் தோற்றார். அடுப்படியில் நிற்பவர்.

டிரங்குப் பெட்டி மேல் இருந்த டிவியைத் திருப்பலாம். வெங்காயம் உரிக்கும்போது அம்மா அதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். சுவரில் ஏறியபின் அது ஒரே திசையைத்தான் பார்க்கும். அந்தத் திசையை முடிவு செய்தது யார்? டிவி வாங்கியவர், அதாவது பெரும்பாலும் ஒரு ஆண். அவருடைய நாற்காலிக்கு எதிர்ச்சுவர். அடுப்படியிலிருந்து பார்த்தால் திரையின் ஓரம் தெரியும், அல்லது அதுவும் தெரியாது. சத்தம் மட்டும் வரும்.

இங்கேதான் சீரியலைப் பற்றிய நம் விமர்சனம் தடுக்கி விழுகிறது. ஒரு அதிர்ச்சிக்கு மூன்று முறை முகத்தைக் காட்டுகிறார்கள், மூன்று முறையும் 'டங்' என்று இசை போடுகிறார்கள், நேற்றுப் பேசியதையே இன்றும் பேசுகிறார்கள் என்று கேலி செய்து எத்தனை மீம்கள். ஆனால் அந்த வடிவத்தைக் கைகள் மாவில் இருக்கும் ஒரு ஆளின் காதிலிருந்து கேட்டுப் பாருங்கள். முதல் 'டங்' சத்தத்துக்கு அவர் திரும்புகிறார், இரண்டாவதுக்குக் கதவோரம் வருகிறார், மூன்றாவதில் முகத்தைப் பார்த்துவிடுகிறார். வசனம் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்வது, அவர் படத்தைப் பார்க்க முடியாது என்பதால். பகல்நேர அமெரிக்கத் தொடர்களின் இழுவையும் துண்டுதுண்டான வடிவமும் வீட்டுவேலையின் லயத்தோடு பொருந்தியவை என்று டானியா மொட்லெஸ்கி 1982-லேயே வாதிட்டிருக்கிறார். நம் சீரியல்கள் சொல்லும் பல விஷயங்கள் மோசமானவை, பெண்ணையே பெண்ணுக்கு எதிரியாக நிறுத்துபவை. அதை விமர்சிப்போம். ஆனால் அவற்றின் 'மோசமான வடிவம்' என்று நாம் சொல்வதில் பாதி, சுவரில் தப்பான இடத்தில் இருக்கும் டிவிக்கு எழுத்தாளர்கள் கண்டுபிடித்த மாற்றுவழி.

இன்னொன்றும் கவனியுங்கள். சீரியல் வீட்டு ஹாலில் பெரிய சோபா, மாடிப்படி, பூஜையறை எல்லாம் இருக்கும். அந்த வீட்டில் யாரும் டிவி பார்ப்பதை அநேகமாக நாம் பார்ப்பதில்லை. அவர்களுடைய சோபா நம்மைப் பார்த்தபடி போடப்பட்டிருக்கிறது. அந்த ஹாலுக்கு நாலாவது சுவர் கிடையாது, கேமரா நிற்கிற பக்கம் அது. அவர்கள் டிவி மாட்டியிருக்க வேண்டிய சுவர் அதுதான். சரியாக அந்த இடத்தில்தான் நம் சுவரில் டிவி தொங்குகிறது. இரண்டு வீடுகள் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு வீட்டில் சோபா, இன்னொரு வீட்டில் பாய்.

2017-ல் தமிழுக்கு வந்த பிக் பாஸில் இந்தச் சுவர் வாய் திறந்தே பேசியது. அப்போது வாரக் கடைசியில் கமல்ஹாசன் 'அகம் டிவி' வழியாக உள்ளே வருவார். போட்டியாளர்கள் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து, சுவரில் இருக்கும் பெரிய திரையைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். பாராட்டும் அங்கிருந்து வரும், கண்டிப்பும் அங்கிருந்து வரும். வீட்டையும் மனத்தையும் ஒரே சொல்லால் சொல்கிற 'அகம்' என்ற வார்த்தையை ஒரு சுவர் டிவிக்கு வைத்தவர், தெரிந்து வைத்தாரோ தெரியாமல் வைத்தாரோ, நம் ஹாலைச் சரியாகப் படித்திருக்கிறார். தாத்தா போட்டோவின் உயரத்தில் ஒரு திரையை வைத்தால் அது தாத்தாவின் வேலையையும் பார்க்கத் தொடங்கிவிடும்.

6

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

ஒரு படைப்பில் வீடு வரும்போதெல்லாம் அந்த வீட்டை யாருடைய கண் உயரத்திலிருந்து அளந்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். ஏழை வீட்டு டிவியைக் கதையில் வைக்கிற எழுத்தாளர், அது தரையில் இருக்கிறதா சுவரில் இருக்கிறதா, சுவர் மண்ணா செங்கல்லா, தவணை எத்தனை மாதம், அடுப்படியிலிருந்து தெரியுமா தெரியாதா என்று அறிந்து வைத்தால் அது பொருள். இல்லையென்றால் அது வெறும் குறியீடு. குறியீடு எழுதச் சுலபம், அதனால்தான் நம் கதைகளில் அது மண்டிக் கிடக்கிறது. சினிமாவுக்கும் இது பொருந்தும். தலைவர் பேச்சை மக்கள் டிவியில் பார்க்கும் காட்சிகளை நினைத்துப் பாருங்கள். டீக்கடை, முடிவெட்டும் கடை, வீட்டு ஹால் என்று மாறி மாறிக் காட்டுவார்கள். அநேகமாக எல்லாவற்றிலும் கேமரா டிவி இருக்கும் இடத்திலிருந்து கீழே பார்க்கிறது, அண்ணாந்த முகங்களை. அந்த முகங்களுக்குப் பக்கத்தில் கேமராவை இறக்கி வைத்தால் வேறு படம் கிடைக்கும்.

வீட்டுக்கும் ஒரு யோசனை. டிரில்லை எடுப்பதற்கு முன் ரசமட்டம் வைத்துக் கோடு போடுவார்கள். அதற்கும் முன்னால் எல்லோரும் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார வேண்டும். பாட்டி பாயில், பிள்ளைகள் தரையில். அடுப்படியில் நிற்பவர் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். அட்டைப்பெட்டியின் பக்கம் ஒன்றைத் திரை அளவுக்கு வெட்டி, ஒருவர் சுவரில் மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்திக் காட்ட வேண்டும். எந்த இடத்தில் அதிகம் பேர் கழுத்தை வளைக்காமல் பார்க்கிறார்களோ அங்கே பென்சிலால் குறிக்கலாம். இடம் இல்லாமல் உயரத்தில்தான் மாட்ட வேண்டும் என்றால், சாய்கிற ஸ்டாண்டு வாங்கி முன்னால் சாய்க்கலாம். திருப்புகிற ஸ்டாண்டுக்குச் சுவர் தாங்கும் என்றால் அடுப்படிப் பக்கமும் திருப்பலாம். இரண்டும் சில நூறு ரூபாயில் தொடங்கிக் கிடைக்கின்றன.

பென்சிலை யார் கையில் கொடுப்பது என்று கேட்டால், அந்த வீட்டில் கடைசியாக உட்காருகிறவர் கையில் என்பேன்.